வெட்கப்படுகிறவன் அந்நியன் இல்லை

எங்கட வயதில் வாசிக்கிற ஆக்களிடம் இப்ப அதிகம் கை மாறுகிற நாவல் எது எண்டு கேட்டால், ஒசாமு தசாயின் 'நோ லாங்கர் ஹியூமன்' எண்டுதான் சொல்லுவேன். பாதிப்பேர் 'பங்கோ ஸ்ட்ரே டாக்ஸ்' அனிமே வழியாக வந்தவை. அதில தசாய் எண்டே ஒரு பாத்திரம் இருக்கு, அவனுடைய சக்தியின் பெயரே இந்த நாவலின் பெயர்தான். இன்னும் கொஞ்சப்பேர் ஜுன்ஜி இட்டோவின் மங்கா வழியாக வந்தவை. எந்த வாசலால வந்தாலும் பிழையில்லை. பிரச்சினை, வாசித்து முடித்த பிறகு எழுதுறதில இருக்கு. பத்துப் பதிவு பார்த்தால் பத்திலும் ஒரே சங்கதி: யோஸோ அந்நியமானவன், சமூகத்தின் போலித்தனத்தைக் கண்டுகொண்டவன், அதைத் தாங்க முடியாமல் உடைந்தவன், நானும் ஒரு யோஸோ. கீழே இருத்தலியல் எண்டு ஒரு ஹாஷ்டாக்.

எனக்கு இதில் கடுமையான மறுப்பு இருக்கிறது. யோஸோ அந்நியமானவன் இல்லை. அவன் வெட்கப்படுகிறவன். இரண்டும் ஒன்றல்ல, கிட்டத்தட்ட எதிரெதிரானவை. இருத்தலியலை உண்மையாகவே கையில் எடுத்து இந்த நாவலை வாசித்தால், அது யோஸோவுக்கு அனுதாபக் கடிதம் எழுதாது. கணக்குக் கேட்கும்.

நாவல் 1948இல் வெளியானது. அதே வருடம் ஜூன் மாதம் தசாய் இறந்துபோனார், வயது 38. ஓபா யோஸோ என்கிற ஒருவன் எழுதிவைத்த மூன்று குறிப்பேடுகள், அவற்றுக்கு முன்னும் பின்னும் அவனை நேரே தெரியாத ஒருவர் எழுதிய ஒரு முன்னுரையும் பின்னுரையும். இவ்வளவுதான் வடிவம். குறிப்பேடு தொடங்குவதே வெட்கத்தில்தான். ஜப்பானிய மொழியில் நாவலின் பெயர் 'நிங்கென் ஷிக்காக்கு'. ஷிக்காக்கு எண்டால் தகுதிநீக்கம். போட்டியில விதியை மீறினால் வெளியே அனுப்புவார்களே, அந்தச் சொல். ஆங்கிலத் தலைப்பில் இது தொலைந்துபோய்விட்டது. 'இனி மனிதன் இல்லை' எண்டு சொன்னால் ஏதோ தானாக நடந்த ஒரு மாற்றம் மாதிரிக் கேட்கும். தகுதிநீக்கம் எண்டு சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: தீர்ப்புச் சொன்னது ஆர்? நடுவர் இல்லாமல் தகுதிநீக்கம் நடக்காது. உலகத்தோடு ஒட்டாதவன் ஏன் ஒரு நடுவரின் தீர்ப்பைத் தன் கதைக்குத் தலைப்பாக வைக்க வேண்டும்?

இங்கேதான் சார்த்தர் தேவைப்படுகிறார். 1943இல், ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த பாரிஸில் வெளிவந்த 'இருத்தலும் இன்மையும்' நூலில் ஒரு சாவித்துவாரக் காட்சி வரும். ஒருவன் பொறாமையிலோ விடுப்பிலோ கதவின் துவாரத்தால் உள்ளே எட்டிப் பார்க்கிறான். பார்க்கும்போது அவனுக்குத் 'தான்' என்கிற நினைவே இல்லை, முழுக்கக் கண்ணாக இருக்கிறான். திடீரென நடைவழியில் காலடிச் சத்தம். அந்தக் கணத்தில் அவன் ஒளித்துப் பார்க்கிறவனாக, குனிந்து நிற்கிற ஓர் உடம்பாக, மற்றவர் காணக்கூடிய ஒரு பொருளாக மாறுகிறான். வெட்கம் வருகிறது. சார்த்தருக்கு வெட்கம் எண்டால் இதுதான்: மற்றவர் என்னை எப்படிக் காண்கிறாரோ அப்படித்தான் நான் இருக்கிறேன் என்று ஒப்புக்கொள்ளுதல். அதனால் வெட்கம் தனிமையின் உணர்ச்சி அல்ல. அது மற்றவர் இருக்கிறார் என்பதற்கு என் உடம்பே தருகிற சாட்சி.

நரகத்தையும் மற்றவர்களையும் பற்றிய அவருடைய அந்த ஒரு வசனத்தைத் தனிமைக்கு ஆதாரமாகப் போடுகிறவர்கள், 1944இல் மேடையேறிய அந்த நாடகத்தை ஒருக்கா முழுசா வாசிக்க வேணும். அதில் ஒரு கட்டத்தில் நரகத்தின் கதவு திறக்கும். வெளியே போகலாம். ஆனால் ஒருவரும் போகமாட்டினம். கார்ஸன் ஏன் போகாமல் நிற்கிறான்? இனெஸ் தன்னைக் கோழை என்று நினைக்கிறாள், அதை மாற்றாமல் அவனால் போக முடியாது. உண்மையில் அந்நியமானவன் எண்டால் கதவு திறந்த நேரம் நடையைக் கட்டியிருப்பான். வெட்கம் அவனைக் கட்டிப்போட்டிருக்கிறது.

தமிழில் எங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எஸ்.வி. ராஜதுரை இருத்தலியலுக்கு ஒரு புத்தகமும் அந்நியமாதலுக்கு ஒரு புத்தகமும் எழுதினார். நாங்கள் இரண்டையும் வாசிக்காமலே ஒன்றாகக் கலந்துவிட்டோம். மார்க்ஸ் சொன்ன அந்நியமாதல், உழைக்கிறவனிடமிருந்து அவன் உழைப்பே பிரிந்து அவனுக்கு எதிராக நிற்பது. அது ஒரு மனநிலையின் பெயர் இல்லை. இண்டைக்கு அந்தச் சொல்லை நாங்கள் 'எனக்கு ஒருத்தரோடயும் கதைக்க மனமில்லை' என்பதற்குப் பாவிக்கிறோம். மற்றப் பக்கம், வெட்கத்துக்குத் தமிழில் சொல் குறைவில்லை: வெட்கம், கூச்சம், நாணம், அவமானம், இழிவு, மானம் போறது. செய்த பிழைக்கு வாறது வேற, மற்றவன் கொண்டுவந்து எங்கள் தலையில் கொட்டுறது வேற எண்டு எங்கட பேச்சுக்கே தெரியும். வெட்கக்கேடு எண்டு திட்டுறம், அவமானப்படுத்திப்போட்டான் எண்டு முறையிடுறம். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கோ. கீழே தேவைப்படும்.

(ஜப்பானியர் எல்லாரும் வெட்கப் பண்பாட்டுக்காரர் எண்டு ஒரு விளக்கமும் அடிக்கடி வருகிறது. அதைப் பிரபலமாக்கியது 1946இல் வந்த ரூத் பெனடிக்டின் புத்தகம். போர்க்காலத்தில் அமெரிக்க அரசுக்காகச் செய்த ஆய்விலிருந்து பிறந்தது. அவர் ஜப்பானுக்குப் போனதே இல்லை. அந்தத் திறப்பால் இந்தக் கதவு திறக்காது எண்டுதான் நினைக்கிறன்.)

நாவலுக்குத் திரும்புவோம். அதில் எனக்கு மிகப் பிடித்த இடம் தக்கேயிச்சி. பள்ளிக்கூடத்தில் யோஸோ கோமாளி. ஆக்களைக் கண்டால் வருகிற பயத்தை மறைக்க எல்லாரையும் சிரிக்கவைப்பது அவன் பழக்கம். உடற்பயிற்சி நேரம் வேணுமெண்டே பிழையாகப் பாய்ந்து மணலில் விழுகிறான். வகுப்பே சிரிக்கிறது. அப்போது வகுப்பிலேயே மட்டமான மாணவன் என்று இவன் நினைத்திருந்த தக்கேயிச்சி பின்னாலிருந்து முதுகைத் தட்டி, நீ வேணுமெண்டுதான் விழுந்தனி எண்டு மெல்லச் சொல்கிறான். யோஸோவுக்கு உலகமே பற்றி எரிகிறது. சார்த்தரின் காலடிச் சத்தம் இதுதான். ஆனால் தசாய் ஒரு படி கூடப் போகிறார். தக்கேயிச்சி கண்டது விழுந்தவனை இல்லை, விழுகிறமாதிரி நடித்தவனை. இதுக்கு யோஸோ என்ன செய்கிறான்? அவனோடு நட்புப் பிடிக்கிறான், பக்கத்திலேயே வைத்துக் கண்காணிக்கிறதுக்கு. சனத்திடமிருந்து விலகியவன் செய்கிற வேலையா இது? சனத்தின் கண்ணை ஒரு நொடிகூட விடமுடியாதவனின் வேலை.

இன்னொரு இடம். நண்பன் எண்டு சொல்லப்படுகிற ஹொரிக்கி, யோஸோவின் பெண் தொடர்புகளைக் கண்டித்து, இதுக்கு மேல போனால் சமூகம் பொறுக்காது எண்டு எச்சரிக்கிறான். யோஸோவுக்கு நாக்கு நுனிவரை ஒரு பதில் வருகிறது: நீ சொல்லுற சமூகம் நீதானே? எங்கட ஊரில் 'நாலு சனம் என்ன கதைக்கும்' எண்டு சொல்லுகிற ஆள்தான் அந்த நாலு சனத்தில் நாலு பேரும், உங்களுக்கும் தெரியும். இருத்தலியல் இந்த நாவலில் உண்மையாக ஒருக்கா மூச்சு விடுகிற இடம் அது. பெரிய எழுத்தில் இருந்த 'சமூகம்' ஒரு தனி ஆளின் வாயாகச் சுருங்குகிறது. ஆனால் யோஸோ அதைச் சொல்லவில்லை. வியர்வையைத் துடைத்துவிட்டுச் சிரித்துச் சமாளிக்கிறான். இந்த இடத்தைப் பகிர்கிற ஆக்கள் அவன் நினைத்ததை மட்டும் போடுகினம், விழுங்கியதைப் போடுறதில்லை.

விழுங்கியது சின்ன விசயமில்லை. சார்த்தர் 'சுய ஏமாற்று' எண்டு ஒன்றைச் சொல்வார். எனக்குத் தெரிவு செய்ய இடமிருக்கும்போது, நான் இப்படித்தான், நான் ஒரு பொருள், என் இயல்பு இது என்று எனக்கே பொய் சொல்வது. மனிதனாக இருக்கத் தகுதி இழந்தேன் என்ற வாக்கியம் அதன் உச்சம். கேட்க அழகாகவும் இருக்கிறது, பொறுப்பையும் கழற்றி வைத்துவிடுகிறது. மனிதன் இல்லாதவனிடம் ஆர் போய் விளக்கம் கேட்கிறது? 1945 விரிவுரையில் சார்த்தர் கோழைத்தனம் பிறவிக்குணம் அல்ல, ஒருவன் தன் செயல்களால் தன்னைக் கோழையாக்கிக்கொள்கிறான் எண்டு வாதிட்டபோது பலருக்குக் கோபம் வந்ததாம். பிறவிக் கோழை எண்டால் நிம்மதிதானே.

இப்ப யொஷிக்கோவுக்கு வருவோம். ஸ்டேட்டஸ்களில் இவள் பெயரை நான் ஒருக்காலும் கண்டதில்லை.

யொஷிக்கோ சிகரெட் கடையில் இருந்த இளம் பெண். ஆரையும் சந்தேகிக்கத் தெரியாதவள், அதற்காகவே யோஸோ அவளைக் கலியாணம் செய்கிறான். ஒரு கோடை இரவு யோஸோவும் ஹொரிக்கியும் மொட்டைமாடியில் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே போன ஹொரிக்கி திரும்பி வந்து யோஸோவைக் கூப்பிட்டு, ஒரு சின்ன யன்னலால் கீழே அறையைக் காட்டுகிறான். யோஸோவுக்குப் பழக்கமான ஒரு வியாபாரி உள்ளே யொஷிக்கோவைப் பலாத்காரம் செய்கிறான். விளக்கு எரிகிறது, எல்லாம் தெரிகிறது. யோஸோ அவளைக் காப்பாற்றப் போகவில்லை. பார்க்கிறான், பிறகு மாடிக்கு ஓடுகிறான்.

சாவித்துவாரக் காட்சியைத் திரும்ப நினைத்துப் பாருங்கோ. ஓர் இடைவெளி, உள்ளே நடப்பதைக் காண்கிற கண், பக்கத்தில் இன்னொருவனின் காலடி. எல்லாம் இருக்கிறது. வெட்கம்கூட இருக்கிறது. ஆனால் அந்த வெட்கம் 'நான் பார்த்துக்கொண்டு நின்றேன்' என்பதற்காக வரவேயில்லை. அதன் பிறகு பக்கம் பக்கமாக யோஸோ தவிக்கிறான்: என் தலைமயிர் நரைக்கத் தொடங்கியது இதிலதான், என் நம்பிக்கை போனது இதிலதான், நம்பிக்கை வைப்பது ஒரு குற்றமா எண்டு கடவுளிடம் கேட்கிறான். எனக்கு, என்னுடைய, என். நடந்தது அவளுக்கு.

இதைச் சொன்னால் 'அவன் பலவீனமானவன், அவனிடம் வேற என்ன எதிர்பார்க்கிறது' எண்டு பதில் வரும். அதுக்கு நாவலே மறுமொழி வைத்திருக்கிறது. முதல் குறிப்பேட்டில், சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டு வேலையாட்கள் தன்னிடம் செய்த பாலியல் கொடுமையை யோஸோ சொல்கிறான். சில வரிகளில், ஓடுகிற ஓட்டத்தில். அப்பா அம்மாவிடம் சொல்லவில்லை, சொல்லிப் பயனில்லை, கதைக்கத் தெரிந்த ஆக்கள்தான் கடைசியில் வெல்லுவினம் என்று பொறுத்துக்கொண்டானாம். முழு நாவலிலும் அவன் துளியும் காரணம் இல்லாத, அவன் தலையில் கொட்டப்பட்ட அவமானம் அது ஒன்றுதான். அதைத்தான் மிகக் குறைவாக எழுதுகிறான். ஆகவே யொஷிக்கோவுக்கு நடந்தது என்னவென்று விளங்கக்கூடிய ஆள் அந்த வீட்டில் யோஸோ ஒருவன்தான் இருந்தான். சொல்ல முடியாமல் வளருகிறது எப்படி எண்டு அவனுக்குத் தெரியும். அவள் அதற்குப் பிறகு ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுங்குகிறாள், அவனோடு மரியாதைச் சொற்களில் கதைக்கத் தொடங்குகிறாள். இதையும் அவன் காண்கிறான், எழுதியும் வைக்கிறான். ஒரு வார்த்தை கேட்டானா?

எனக்கு இந்த நாவல் பெரிய நாவல் என்பதில் சந்தேகமில்லை, இதையெல்லாம் தசாய் மறைக்காமல் வைத்திருக்கிறார் என்பதால். மறைப்பது நாங்கள்.

சார்த்தரிலும் ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். அவருடைய சாவித்துவாரத்துக்காரன் வெட்கப்படுகிறதுக்கு ஏதோ ஒன்று செய்திருக்கிறான். ஒன்றுமே செய்யாமல் வெட்கப்படவைக்கப்படுகிற ஆக்கள்? ஃபிரான்ஸ் ஃபனோன் 1952இல் எழுதிய 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' நூலில், ஒரு வெள்ளைக் குழந்தை அவரைச் சுட்டிக்காட்டித் தாயிடம் பயப்படுகிறது. அவர் செய்தது அங்கே இருந்தது மட்டும். அந்தப் பார்வைக்குப் பின்னால் அடிமை வியாபாரமும் காலனியும் நிற்கின்றன. சிமோன் த போவுவா 1949இல், பதின்மூன்று வயதில் தெருவில் போனபோது ஓர் ஆண் தன் கால்களைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்லால் தன் உடம்பு திடீரென வேறாகிப்போனதை ஒரு பெண் நினைவுகூர்வதை எழுதுகிறார். பஸ்ஸில கம்பஸுக்குப் போய் வாற பெட்டையளுக்கு இதுக்கு அடிக்குறிப்புத் தேவையில்லை. பகிடிவதைக்கு எதிராக 1998இலேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அடி வாங்கினவன்தான் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு திரிகிறான், அடிச்சவன் தலை நிமிர்ந்து கன்ரீனில் இருக்கிறான். பார்வை சமமானதில்லை. வெட்கம் போய்ச் சேர வேண்டிய ஆளிடம் சேராமல், தடுக்க முடியாத ஆளிடம் போய்ச் சேருகிறது.

காஃப்காவை இந்தக் கண்ணால பார்த்தால்தான் கிரெகோர் சம்சா யோஸோவின் தம்பி இல்லை எண்டு விளங்கும். 1915இல் வந்த 'உருமாற்றம்' கதையில் பூச்சியானவன் முதலில் யோசிக்கிறது வேலைக்குப் பிந்திவிட்டதை. அப்பா முதலாளியிடம் பட்ட கடன் தீர இன்னும் ஐந்தாறு வருடம் உழைக்க வேணும் எண்டு கணக்குப் போடுகிறான். பிறகு தங்கை தன்னைக் கண்டு அருவருக்கக்கூடாது என்பதற்காக ஒரு விரிப்பை முதுகில் சுமந்து இழுத்துக்கொண்டுபோய்ச் சோபாவின் மேல் போடுகிறான், அதுக்கு நாலு மணித்தியாலம் எடுக்கிறது. உலக இலக்கியத்தில் வெட்கத்தை இவ்வளவு துல்லியமாக நேரம் போட்டு அளந்த இடம் வேறு இருக்கோ தெரியாது. இது கடன்காரன் மகனின் வெட்கம், சம்பாதிக்க முடியாமல் போன உடம்பின் வெட்கம். மார்க்ஸின் அந்நியமாதலைத் தேடுகிற ஆக்கள் இங்கே தேடலாம், கிடைக்கும். அந்த வீட்டில் அவனைக் கண்டு முகத்தைத் திருப்பாமல் நிற்கிறவள் ஒருத்திதான்: கடைசியில் வேலைக்கு வருகிற வயசான துப்புரவுப் பெண். சாணிவண்டு எண்டு கூப்பிட்டு அவனோடு கதை குடுக்கிறாள். மானம் போறதுக்கு அவளுக்கு அந்த வீட்டில் ஒன்றுமில்லை.

மெர்ஸோவைப் பற்றி நீட்டத் தேவையில்லை. காம்யுவின் 'அந்நிய'னை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே தமிழுக்குத் தந்திருக்கிறார், வாசியுங்கோ. அந்நியன் என்ற சொல்லுக்கு உரியவன் அவன்தான். தாயின் சாவீட்டில் அழாததற்கு அவனுக்கு வெட்கமில்லை, அதற்காகவே நீதிமன்றம் அவனைக் கொல்கிறது. வழக்கின் நடுவில் ஒரே ஒரு கணம், இந்தச் சனம் தன்னை எவ்வளவு வெறுக்கிறது என்று உணர்ந்து அழவேணும் போல இருக்கிறது அவனுக்கு. அது கடந்துபோகிறது. ஆனால் அங்கேயும் ஒரு கணக்கு பாக்கி: அவன் சுட்ட அரபிக்கு நாவலில் பெயரே இல்லை. 2013இல் அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் ஒரு முழு நாவல் எழுதித்தான் அவனுக்கு மூசா எண்டு பெயர் வைக்க வேண்டியிருந்தது.

யொஷிக்கோவுக்குப் பெயர் இருக்கிறது. குறிப்பேடுதான் இல்லை. நாவலின் பின்னுரையில் குறிப்பேடுகளைப் பாதுகாத்து வைத்திருந்த மதுக்கடைப் பெண், யோஸோ நல்ல பிள்ளை, தேவதை மாதிரி, பிழை அவன் அப்பாவில எண்டு சொல்கிறாள். தகுதிநீக்கத்துக்கு எதிராக வந்த மேன்முறையீட்டுத் தீர்ப்பு மாதிரி எல்லாரும் அதைப் பிடித்துக்கொள்கினம். அவள் அவனைக் கண்டு பத்து வருடமாகிறது. அவளிடம் கேட்டவர், யொஷிக்கோவைத் தேடிப் போய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ. அந்த இரவு, எல்லாம் முடிந்த பிறகு, யோஸோ மாடியில் கிடக்கையில், அவனுக்கெண்டு அவித்த அவரைக்கொட்டையைத் தட்டில் வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தவள் அவள்.